கராஜில் கைக்கருவிகள்: பல வருடம் புழங்கியபின் எது தங்கியது, எது ஒதுங்கியது

கருவிப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை உருப்படி என்பதைத்தான். பெட்டி மேலேயே நூறு பீஸ், இருநூறு பீஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். திறந்து பார்த்தால் அதில் பெரும்பகுதி விரல்நுனி அளவு ஸ்க்ரூ பிட்டுகள். பைக், சைக்கிள், கொஞ்சம் மரவேலை, கொஞ்சம் குழாய் வேலை என்று பல வருடமாகக் கராஜில் புழங்குகிறேன். இப்போதெல்லாம் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தக் கருவி எங்கே இருக்கப்போகிறது, அங்கிருந்து கைக்கு வர எவ்வளவு நேரமாகும்? இடம் முடிவாகாத கருவியை வாங்குவதில்லை. எதை வாங்குவது, எங்கே வைப்பது என்று நாம் பிரித்துப் பேசினாலும், நடைமுறையில் ரெண்டும் ஒரே கேள்விதான்.

செட்டோடு வரும் அந்த அச்சுவார்த்த பிளாஸ்டிக் பெட்டியிலிருந்தே ஆரம்பிக்கலாம். புதுசில் அழகு. நட்டின் மேல் கவிழ்த்துத் திருப்பும் ஒவ்வொரு சாக்கெட்டும் தன் குழியில் சிக்கென்று உட்கார்ந்திருக்கும். ஆறு மாதம் போனால் குழிகளின் பிடி தளர்ந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் தலைகீழாகத் திறப்போம். எல்லாம் தரையில் உருளும், 10 மி.மீ. மட்டும் வண்டிக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். புதிதாக ஒரு சாக்கெட் வாங்கிச் சேர்த்தால் அதற்கு அங்கே குழியும் கிடையாது. செட் வாங்குவது தப்பு என்று சொல்லவில்லை. சாக்கெட், ஆலன் கீ இரண்டையும் செட்டாக வாங்குவதுதான் லாபம். ஆனால் வாங்கிய வாரமே பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு, சாக்கெட்டுகளைத் தண்டவாளம் மாதிரியான உலோகப் பட்டையில் அளவு வரிசைப்படி கோத்துவிடுங்கள். காலியான இடம் பளிச்சென்று தெரியும்.

10 மி.மீ. தொலைந்துபோவதைப் பற்றி மெக்கானிக்குகள் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். காரணம் சாதாரணமானது. வண்டிகளில் அதிகம் புழங்கும் சின்ன போல்ட்டு எம்6, அதாவது தண்டு 6 மி.மீ. தடிமன். அதன் தலைக்கு 10 மி.மீ. ஸ்பேனர்தான். அதிகம் எடுப்பதுதானே அதிகம் தொலையும்? எம்8 போல்ட்டுக்கு 13 வேண்டும், ஆனால் ஜப்பானிய வண்டிகளில் அதே எம்8-க்கு 12 வரும். எம்10-க்கு பழைய ஜெர்மன் அளவில் 17, ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அளவில் 16, ஜப்பானிய வண்டியில் 14. இது தெரிந்தால் வாங்கும் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். 8, 10, 12, 13, 14, 17, 19 நல்ல தரத்தில் இருந்தால் வீட்டில் வரும் வேலைகளில் பெரும்பாலானவை முடிந்துவிடும். 10, 12, 13 மூன்றும் இரண்டிரண்டு வேண்டும். ஒரு பக்கம் போல்ட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் நட்டைத் திருப்ப வேண்டியிருக்கும்போது, செட்டில் அளவுக்கு ஒன்றே ஒன்று வரும் குறை அப்போதுதான் உறைக்கும்.

ஸ்பேனரில் ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் திறந்த வாய் இருக்கும் காம்பினேஷன் வகைதான் என் தேர்வு. திறந்த வாயின் தலையை உற்றுப் பார்த்தால் கைப்பிடிக்கு நேராக இல்லாமல் 15 டிகிரி சாய்ந்திருக்கும். இடுக்கான இடத்தில் அரைகுறையாகத் திருப்பிவிட்டு, ஸ்பேனரைக் குப்புறப் புரட்டி மறுபடி மாட்டினால் அடுத்த பிடி கிடைக்கும். 30 டிகிரி அசைய இடம் இருந்தால் போதும், நட்டு முழுக்கக் கழன்று வரும். இதைத் தெரிந்துகொள்ளாமலேயே, ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பும் ராட்செட் ஸ்பேனர் செட்டுக்குக் காசு கொடுப்பவர்கள் நிறைய.

சாக்கெட்டில் ஆறு முனையா பன்னிரண்டு முனையா என்றால், தயங்காமல் ஆறு. பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைக்குப் பக்கத்தில் அழுத்தும். துருப்பிடித்த நட்டில் மூலை மழுங்கி ரவுண்டாகிவிட்டால் அப்புறம் அரமும் உளியும்தான் கதி. ரிங் ஸ்பேனரில் மட்டும் பன்னிரண்டு முனை இருக்கட்டும். இடுக்கில் மாட்டச் சௌகரியம். ராட்செட் பிடியில் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். 72 பல் என்றால் 5 டிகிரிக்கு ஒரு கிளிக், 36 பல் என்றால் 10 டிகிரி. எந்த ராட்செட்டாக இருந்தாலும் இறுகிப்போன நட்டை உடைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு அரை இன்ச் பிரேக்கர் பார், அதாவது ராட்செட் இல்லாத நீளமான கைப்பிடி. மற்ற எல்லாவற்றுக்கும் 3/8 இன்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) போதும்.

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பார்க்க ஒரே சிலுவை மாதிரி இருக்கும் மூன்று வகைத் தலைகள் உண்டு: பிலிப்ஸ், ஜப்பானிய ஜேஐஎஸ், போசிடிரைவ். சிலுவைக்கு நடுவே மெல்லிய நான்கு கோடுகள் தெரிந்தால் போசிடிரைவ். தலையில் ஒரு சின்னப் புள்ளி குழிந்திருந்தால் பெரும்பாலும் ஜேஐஎஸ். ஜப்பானிய பைக்குகளின் இன்ஜின் கவர் ஸ்க்ரூவில் பிலிப்ஸ் முனையை வைத்துத் திருப்பினால், அடிவரை உட்காராமல் முனை மேலேறி நழுவும். இரண்டு தடவை நழுவினால் தலை மழுங்கிப்போகும். நழுவுவதைப் பார்த்து ஸ்க்ரூ மட்டம் என்று திட்டுவார்கள், குற்றம் முனையில் இருக்கும். ஜேஐஎஸ் முனை பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் ஓரளவு நன்றாகவே உட்காரும் என்பதால் என்னிடம் இருப்பது பெரும்பாலும் ஜப்பானின் வெஸ்ஸல் டிரைவர்கள். கைப்பிடியின் பின்பக்கம் சுத்தியலால் தட்டலாம் என்று போட்டிருக்கும் டிரைவர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்க்ரூவை ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினால் பிடி விட்டுவிடும்.

கைப்பிடியில் ரப்பர் இருந்தாலே கரண்ட் வேலைக்கு ஆகும் என்று நினைக்கக் கூடாது. 1000 வோல்ட் குறியும் ஐஇசி 60900 என்ற தர எண்ணும் இருப்பதுதான் அதற்கானது. அவற்றைத் தனியாக ஒரு பையில் வைத்திருக்கிறேன். வெட்டுப்பட்ட உறை, எண்ணெய் பட்டு ஊறிய உறை இருந்தால் அந்த வேலைக்கு அதோடு சரி.

சரிசெய்யும் ஸ்பேனரை மெக்கானிக்குகள் இளக்காரமாகப் பார்ப்பார்கள். இன்று நாம் பிடிக்கும் வடிவத்துக்கு ஸ்வீடனின் ஜொஹான் பெட்டர் ஜொஹான்சன் 1892-ல் காப்புரிமை வாங்கினார். அதன் பிறகு அடிப்படை அதிகம் மாறவில்லை. குழாய் வேலைக்கு அது இல்லாமல் முடியாது. திருப்பும் திசையில் அசையும் தாடை இருக்கட்டும், பாரத்தை நிலைத்த தாடை தாங்கட்டும். இதைக் கடைப்பிடித்தால் பாதிப் புகார் ஓய்ந்துவிடும். ஆனால் க்னிபெக்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனியின் பிளையர்ஸ் ரெஞ்ச் வந்த பிறகு என் சரிசெய்யும் ஸ்பேனர் சுவரிலிருந்து இறங்குவதே அபூர்வம். அதன் தாடைகள் எப்போதும் ஒன்றுக்கொன்று இணையாகவே நகரும், பல் இல்லாத வழுவழு முகம் என்பதால் குரோம் குழாயில் கீறல் விழாது. விலை அதிகம்தான். கைக்கருவியில் நான் தாராளமாகச் செலவழித்த இடம் இது ஒன்றுதான்.

நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் வாங்கினால் அதன் அளவெல்லையில் கீழ் 20 சதவீதத்தை நம்ப வேண்டாம். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சக் கோட்டுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே திருகிவிடாதீர்கள். ஸ்பிரிங் இறுகிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அளவு பிசகும். நட்டைக் கழற்ற அதை எடுப்பவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஐஎஸ்ஓ 6789 தரப்படி 5000 முறை முறுக்கிய பிறகோ 12 மாதத்துக்கு ஒருமுறையோ அளவு சரிபார்க்க வேண்டும். வீட்டு வேலைக்கு அந்த 5000 வரவே வராது, வருடக் கணக்குத்தான் முந்தும்.

இனி வைப்பது. முதலில் சுவரில் துளைப்பலகை போட்டிருந்தேன். ஒரு இன்ச்சுக்கு ஒரு துளை, கொக்கியை மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் கருவியை எடுக்கும்போது கொக்கியும் கூடவே வந்து காலில் விழும். கனமான சுத்தியலை மாட்டினால் பலகை வயிறு தள்ளும். அதற்குப் பதிலாக 18 மி.மீ. பிளைவுட்டை 45 டிகிரி சாய்வாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறு பாதியைக் கருவித் தாங்கியிலும் அடிக்கும் பிரெஞ்ச் கிளீட் முறைக்கு மாறினேன். எடை கூடக் கூடத் தாங்கி சுவரை நோக்கித்தான் இறுகும். வேலை மாறும்போது தாங்கியை அப்படியே தூக்கி வேறு இடத்தில் மாட்டலாம். பிளையர்களுக்கு ஒரு தாங்கி, சுத்தியல்களுக்கு ஒன்று, அரங்களுக்கு ஒன்று. அரத்தை மட்டும் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனித் துளையில் நிறுத்த வேண்டும். டிராயரில் குவித்துப் போட்ட அரம், உபயோகிக்காமலே மழுங்கும்.

டிராயர் என்றால் ஆழம் குறைவாக, ஒரு கை உயரத்துக்கும் கீழே இருக்கட்டும். ஆழமான டிராயரில் அடியில் கிடப்பது இல்லாததற்குச் சமம். உள்ளே ஸ்பான்ஞ்சு வெட்டி உருவம் பதிப்பது பார்க்க நன்றாக இருக்கும். புதுக் கருவி வந்தால் முழு ஸ்பான்ஞ்சையும் மாற்ற வேண்டும் என்பதால் அளவுக்கருவிகள், அதாவது வெர்னியர், மூலைமட்டம் போன்றவற்றுக்கு மட்டும் அப்படி வைத்திருக்கிறேன். காந்தப் பட்டை எனக்கு ஒத்துவரவில்லை. உளியும் டிரைவர் முனையும் காந்தமேறி இரும்புத் துகளை இழுத்துக்கொள்ளும்.

துருவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். குளிர்ந்து கிடக்கும் இரும்பின் மேல் ஈரமான வெதுவெதுப்புக் காற்று பட்டால் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். இரவு முழுக்கக் குளிர்ந்த கராஜின் கதவைக் காலையில் அகலத் திறக்கும்போது நடப்பது இதுதான். சிமெண்ட் தரையில் நேராகப் பெட்டி வைக்காமல் மரக்கட்டை மேல் வைப்பதும், மூடிய டிராயரில் துருவைத் தடுக்கும் விசிஐ தாள் போடுவதும் கைகொடுக்கும். அந்தத் தாள் வெளியிடும் ஆவிதான் இரும்பைக் காக்கிறது, அதனால் திறந்த தட்டில் போட்டால் பிரயோஜனமில்லை. சிலிக்கா ஜெல்லும் அப்படித்தான். ஈரம் நிறைந்ததும் சூடுபண்ணி உலர்த்தாவிட்டால் அது வெறும் மணல்.

ஈரத்தைவிட வேகமாகத் துருவைக் கொண்டுவரும் ஆள் ஒன்று உண்டு, கழிவறை கழுவும் ஆசிட் பாட்டில். மூடி இறுக்கி இருந்தாலும் ஹைட்ரோகுளோரிக் ஆவி கசியும். அதே அலமாரியில் இருக்கும் ஸ்பேனர்கள் சில வாரத்தில் பழுப்பேறும். நீச்சல்குளக் குளோரின், உரமூட்டை, வினிகர் வாசனை வரும் சிலிக்கோன் சீலண்ட் எல்லாம் இதே வகை. இவற்றைக் கராஜிலிருந்தே வெளியேற்றிவிடுங்கள். ஓக் மரப் பெட்டியும் அசிட்டிக் அமிலம் விடும், அதனால் நல்ல உளிகளை அதில் அடைப்பது வீண்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு பொதுவான நம்பிக்கை இருக்கிறது, டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்று. 1953-ல் ஏவுகணைப் பாகங்களில் ஈரம் தங்காமல் விரட்ட உருவானது அது. ஈரத்தை விரட்டுவதில் கெட்டிக்காரன், நீண்ட காலக் காவலுக்கு அதன் படலம் மெல்லியது. நனைந்த கருவியை அதால் துடைத்துவிட்டு, மேலே மெஷின் எண்ணெயை ஒரு துணியால் தேய்த்து வைப்பதுதான் என் வழக்கம். ரம்பத்துக்கும் உளிக்கும் மெழுகு, ஏனென்றால் மரத்தில் எண்ணெய்க் கறை ஏறக் கூடாது. வேலை முடிந்ததும் கைவியர்வை பட்ட இடத்தைத் துடைப்பது முக்கியம். வியர்வை உப்பில் அப்படியே விரல்ரேகை வடிவில் துரு பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். குரோம் பூச்சு உரிய ஆரம்பித்த ஸ்பேனரை மட்டும் காப்பாற்ற முயல வேண்டாம். அந்தச் செதில் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும்.

வெளியே எடுத்துப்போக ஒரு துணிச்சுருள் பை போதும். விரித்தால் எந்தப் பாக்கெட் காலி என்று தெரியும், சுருட்டினால் வண்டி சீட்டுக்கடியில் போய்விடும். இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடும் அதில் ஒன்று இருக்கும், இன்ச்சுக்கு 24 பல்லும் 32 பல்லும் மாற்றி மாற்றி. தகடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நெருக்கமான பல், எந்த நேரமும் மூன்று பல்லாவது உலோகத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ். சுவரும் டிராயரும் முடிந்த பிறகு பலரும் அதை மேசையில் எங்கோ ஒரு மூலையில் பொருத்துவார்கள். தாடையின் மேல்பாகம் முழங்கை உயரத்தில் இருக்கட்டும். நிலைத்த தாடை மேசை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கட்டும், அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடித்தால் மேசையில் இடிக்காமல் தரை வரை இறங்கும். எனக்கு அந்த இடத்தில் இப்போது கிளாம்புகள் வைத்த பழைய தட்டு ஒன்று இடைஞ்சலாக இருக்கிறது. அவற்றுக்கு வேறு இடம் கிடைத்தால் தட்டைக் கழற்றிவிடலாம், அதுவரை வைஸின் கைப்பிடி முழுச் சுற்று சுற்றாது.