ஒரே ஏர் கூலரோடு நான்கு வருடம்

என் கணினியில் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசஸர். அதைக் குளிர்விக்கும் கூலர் அதன் பெட்டியில் வராது. முதல் சில வாரம் பழைய கணினியில் இருந்த சின்னக் கூலரை வைத்தே ஓட்டினேன். வீடியோ ரெண்டர் போட்டால் ஒரே நிமிடத்தில் 90 டிகிரி. இந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் உச்சவரம்பு அதுதான். அந்த அளவைத் தொட்டால் ப்ராசஸர் எரிந்துவிடாது, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் ஃபேன் போட்ட சத்தத்தில் ஹெட்ஃபோன் இல்லாமல் எடிட்டிங்கில் உட்காரவே முடியவில்லை.

சரி, நல்லதாக ஒன்று வாங்குவோம் என்று தேட ஆரம்பித்தபோது முதலில் பார்த்தது உயரத்தைத்தான். என் கேபினெட்டில் 160 மி.மீ. வரைதான் இடம். ஆசைப்பட்ட நாக்டுவா என்எச்-டி15 கூலர் 165 மி.மீ. உயரம். ஐந்து மில்லிமீட்டர்தானே என்று விட முடியாது, பக்கக் கதவு மூடாது. தவிர, அதன் முன் ஃபேன் ரேமுக்கு மேலே வந்து நிற்கும், அடியில் 32 மி.மீ. இடைவெளிதான். என் ரேம் உயரமான தகடு வைத்தது. கடைசியில் அதே நிறுவனத்தின் என்எச்-யு12எஸ் வாங்கினேன். 158 மி.மீ. உயரம், ஒரே 120 மி.மீ. ஃபேன், ரேமுக்கு மேலே நீளாது.

பழையதைக் கழற்றும்போதுதான் தப்பு செய்தேன். கணினி ஆறிக் கிடந்தது. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் இறுகியிருப்பது தெரியாமல் கூலரை நேராக மேலே இழுத்தேன். ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இந்த ப்ராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் கிடையாது. ஓரத்தில் இரண்டு பின் சாய்ந்திருந்தன. லீட் எடுத்த 0.5 மைக்ரோ டிப் பென்சிலின் முனையைப் பின்னில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். பிழைத்தது. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கனமான வேலை கொடுத்துச் சூடாக்குங்கள். அணைத்த கையோடு, கூலரை இடவலமாகத் திருகிவிட்டு அப்புறம் தூக்குங்கள்.

புதியதில் அதே ரெண்டருக்கு 82 டிகிரி சுற்றி நிற்கிறது. இன்னும் பெரிய கூலர் போட்டிருந்தாலும் பெரிதாக இறங்கியிருக்காது என்றே நினைக்கிறேன். ப்ராசஸரில் கணக்குப் போடும் எட்டு கோரும் ஏறக்குறைய 80 சதுர மி.மீ. உள்ள ஒரே சில்லில் இருக்கின்றன. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து சூடு கூலரின் ஹீட் பைப்புக்கு (சூட்டைத் தகடுகளுக்குக் கொண்டுபோகும் குழாய்) வந்து சேருவதே பாடு. உண்மையான நிம்மதி மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில்தான் கிடைத்தது. பிரவுசரைத் திறந்தாலே 40 டிகிரி 60 ஆகும், ஃபேன் உடனே வீறிட்டு அடங்கும். 65 டிகிரி வரை நிமிடத்துக்கு 700 சுற்றிலேயே ஓடட்டும் என்று வைத்து, வேகம் மாறுவதற்குச் சில நொடி தாமதமும் கொடுத்தேன். அன்றோடு அந்த ஏற்ற இறக்கம் நின்றது. கோடையில் எக்கோ மோடும் போடுகிறேன்: ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம் 142 வாட்டிலிருந்து 88 ஆகிறது, ரெண்டர் கொஞ்சம்தான் தாமதமாகிறது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபேனைக் கழற்றிப் பார்க்கிறேன். கம்பிக் கிளிப் இரண்டை விடுவித்தால் போதும், கூலரை அசைக்க வேண்டாம். ஃபேனுக்குப் பின்னால் தகடுகளின் விளிம்பில் தூசி மெல்லிய கம்பளிபோலப் படிந்திருக்கும், பெயின்ட் பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் வந்துவிடும். போன முறை சுத்தம் செய்ததும் நான்கு டிகிரி குறைந்தது. பேஸ்ட்டை இதுவரை மாற்றவில்லை.