பிஸ்கட் டின்னில் ஐந்து கேசட்

இலங்கை மலையகத்து ஹட்டனுக்குப் போகும்போதெல்லாம் மாமா அந்த பிஸ்கட் டின்னை எடுத்து என் முன்னால் வைப்பார். உள்ளே ஐந்து மினி டிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் வீடியோ நாடா) கேசட். 2004 மாசியில் தேயிலைத் தோட்டத்தில் நடந்த காமன் கூத்தை, கனடாவிலிருந்து கொண்டுபோன கேம்கோடரில் நான் எடுத்தது. கேமரா எப்போதோ செத்துவிட்டது. ரதியாக ஆடியவரும் இப்போது இல்லை. இந்த முறை எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றி, நானே வெட்டி ஒட்டி, மாமாவுக்கு ஒரு மணி நேரப் படமாகக் கொடுத்துவிட நினைத்தேன்.

டவுனில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஐந்து டிவிடி கையில் வந்தது. என் லேப்டாப்பில் டிவிடி போட இடமே இல்லை. பக்கத்து லயத்துப் பிள்ளையின் பழைய கம்ப்யூட்டரில் போட்டால், ஆடுகிறவர்கள் எல்லாரும் குட்டையாக, குண்டாகத் தெரிந்தார்கள். 4:3 படத்தை 16:9க்கு இழுத்திருக்கிறார்கள். கை வீசும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு. மூலையில் கடையின் பெயர். அதெல்லாம் போகட்டும், தப்பு மேளச் சத்தத்தை எடுத்துவிட்டு ஏதோ சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார்கள்! மாமா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் பிளேன்டி ஊற்றினார்.

அப்புறம் யாரோ சொல்லி நுவரெலியாவில் ஒரு தம்பியைப் பிடித்தேன். கடை என்று சொல்ல முடியாது, வீட்டு முன்னறைதான். அவரிடம் ஓடுகிற பழைய கேம்கோடரும், ஃபயர்வயர் கார்டு (கேமராவிலிருந்து படத்தை நேராக இறக்கும் இணைப்பு) பூட்டிய கம்ப்யூட்டரும் இருந்தன. முதல் கேள்வியே, “டிவிடியா வேணும், எடிட் பண்ணவா அண்ணே?” என்பதுதான். இதை ஹட்டனில் யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். மினி டிவி நாடாவில் இருப்பதே டிஜிட்டல். ஃபயர்வயர் வழியாக எடுத்தால் அது அப்படியே, தரம் குறையாமல் கோப்பாக இறங்கும். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயரில் எடுத்தால் ஒருமுறை அனலாக்காகி மங்கும். டிவிடிக்குப் போனால் எம்பெக்-2 ஆகச் சுருங்கும். அதில் சில பிரேம்களுக்கு ஒன்றுதான் முழுப் படம் என்பதால் நினைத்த இடத்தில் வெட்டினால் தொல்லை. மினி டிவி கோப்பில் ஒவ்வொரு பிரேமும் தனியாக நிற்கும். ஆனால் அவசரப்பட முடியாது, ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஓட வேண்டும். மணிக்கு ஏறக்குறைய 13 ஜிபி. நான் கொண்டுபோன பென்டிரைவ் ஏற்க மறுத்தது. அதன் கோப்பு முறை ஃபேட்32, 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வாங்காது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றியதும் சரி.

சீப்புக் கோட்டுக்கும் வழி சொன்னார். கனடா கேமரா என்.டி.எஸ்.சி முறை, நொடிக்கு ஏறக்குறைய 60 அரைப்படங்கள். அசையும் இடத்தில் இரண்டு அரையும் பொருந்தாமல் தெரிவதுதான் அந்தக் கோடு. மினி டிவி கோப்பிலேயே வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் டீஇன்டர்லேஸ் செய்து (அரைப்படங்களை முழுப் படமாக்கி) எச்.264 எம்பி4 ஆக்கினால் மாமாவின் போனிலும் ஓடும். இவ்வளவுக்கும் அவர் வாங்கிய காசு, ஸ்டூடியோவுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

நான்கு கேசட் இறங்கிவிட்டது. ஐந்தாவதன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மெஷினில் போட மாட்டேன் என்றார். நாடா கசங்கி மடிந்திருந்தது. ஹட்டனில் ஓடும்போது சிக்கியிருக்க வேண்டும். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிக்கும் கட்டம் அதில்தான் இருக்கிறது. இனி அதற்கு ஸ்டூடியோ டிவிடிதான். அகலத்தைச் சரிசெய்துவிடுவேன், கடைப் பெயரையும் வெட்டிவிடுவேன். காமன் எரிவது மட்டும் அந்த சினிமாப் பாட்டோடுதான்.