பழைய பான மெஷின் குளிரவில்லை: காஸ் ஏற்றுவதா, கசிவை அடைப்பதா, டெக்கையே (குளிர்விக்கும் பகுதி முழுவதையும்) மாற்றுவதா?

புளோக் கீழ்த்தளத்துப் பழைய மெஷினில் காசு போட்டால் வெதுவெதுப்பான டின் விழுகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "காஸ் தீர்ந்துபோச்சு, ஏத்திவிடு." பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோவதற்கு அது எரிபொருள் அல்ல, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம்.

அதற்கும் முன்னால் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரைப் பாருங்கள். தரையை ஒட்டி இருப்பதால் தூசியும் பூனை முடியும் அடைத்துக் கம்பளி மாதிரி ஆகியிருக்கும். அதைச் சுத்தம் செய்து, இரண்டு விசிறிகளும் ஓடுகின்றனவா என்று பார்த்தாலே பல மெஷின்கள் பிழைத்துக்கொள்ளும். அப்படியும் குளிராமல், பெட்டியைக் குளிர்விக்கும் சுருளான எவாப்பரேட்டரில், கேப்பிலரி என்ற மெல்லிய குழாய் நுழையும் இடத்தில் ஓரிரு வளைவில் மட்டும் பனி பிடித்து, மீதிப்பகுதி காய்ந்து, காஸை அழுத்தும் கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாயும் சூடாக இருந்தால் காஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம்.

இனி வழி மூன்று.

முதலாவது, குழாயில் துளைக்கும் வால்வைக் கவ்வி ஆர்134ஏ என்ற குளிர்விக்கும் காஸை ஏற்றுவது. அரை மணி நேர வேலை, செலவும் குறைவு. ஆனால் எங்கள் ஓட்டு இதற்கு இல்லை. ஓட்டை அப்படியே இருக்கிறது, துளைத்த வால்வின் ரப்பரும் நாளடைவில் கசியும் என்பதெல்லாம் தெரிந்ததே. பெரிய ஆபத்து ஈரம். வளிமண்டல அழுத்தத்தில் ஆர்134ஏ கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில். காஸ் குறையக் குறைய அது அதைவிடவும் குளிரில் கொதிக்கும்; கம்ப்ரஸர் உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் இறங்கி, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே போய்விடும். ஓட்டை அந்தப் பக்கத்தில் இருந்தால், வெளியே கசிந்த அதே ஓட்டை இப்போது சிங்கப்பூரின் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த நீர் கேப்பிலரி முனையில் உறைந்து அடைக்கும்: சற்று நேரம் குளிரும், நின்றுவிடும், பனி உருகியதும் மறுபடி குளிரும். மீதி நீரை கம்ப்ரஸரில் இருக்கும் பிஓஇ எண்ணெய் குடித்து அமிலமாக்கும். அமிலம் மோட்டார் சுற்றின் இன்சுலேஷனை அரிக்கும். இரண்டு தடவை காஸ் ஏற்றிய மெஷினுக்கு மூன்றாவது தடவை கம்ப்ரஸரே வாங்க வேண்டி வரலாம்.

இரண்டாவது, கசிவைக் கண்டுபிடித்து முறையாகச் சரிசெய்வது. எங்கள் சாய்வு இதன் பக்கம். பழைய காஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடியுங்கள். புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல் 1,430 மடங்கு. ஈரத்தை உறிஞ்சிவைக்கும் பழைய டிரையரை டார்ச்சால் கழற்றாமல் குழாய் கட்டரால் வெட்டுங்கள், சூடு பட்டால் அதற்குள் இருக்கும் நீர் குழாய்க்கே திரும்பும். 150 பிஎஸ்ஐ நைட்ரஜன் நிரப்பி சோப்பு நுரை தடவுங்கள். எண்ணெய்க் கறை தெரியும் இணைப்புகளை முதலில் பார்க்க வேண்டும். செம்போடு செம்பைப் பற்றவைக்க (பிரேஸிங்) 15 சதவீத வெள்ளிக் கம்பி போதும். இரும்புக் குழாய் என்றால் பிளக்ஸ் என்ற பற்றவைப்புப் பசையோடு 45 சதவீத வெள்ளிக் கம்பி. 15 சதவீதக் கம்பியில் பாஸ்பரஸ் இருப்பதால் அது இரும்பில் நொறுங்கும். பிரேஸிங் செய்யும்போது குழாய்க்குள் மெல்ல நைட்ரஜன் ஓடட்டும், இல்லையேல் உள்ளே கரிந்து உதிரும் செதில் கேப்பிலரியை அடைக்கும். எக்ஸ்எச்-9 வகைப் புதிய டிரையரின் மூடியைக் கடைசி நிமிடத்தில் திறந்து, கேப்பிலரிப் பக்கம் கீழே இருக்கும்படி பொருத்துங்கள்.

பிறகு வாக்யூம், அதாவது உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் இழுப்பது. அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வாக்யூமை அளக்கும் மைக்ரான் மீட்டரில் 500க்குக் கீழே இறக்கி, பம்ப்பை மூடி 20 நிமிடம் காத்திருங்கள். 1,500 பக்கம் ஏறி நின்றால் உள்ளே நீர். நிற்காமல் ஏறினால் இன்னும் ஓட்டை. நீர் என்றால் உலர்ந்த நைட்ரஜன் விட்டு, கம்ப்ரஸர் கூட்டைச் சூடாக்கி, மீண்டும் இழுக்க வேண்டும். காஸை அழுத்த மீட்டர் பார்த்து ஏற்றாதீர்கள். கேப்பிலரி மெஷினில் அளவு பிசகக் கூடாது; தகட்டில் 280 கிராம் என்றிருந்தால் தராசு வைத்து 280தான், ஹோஸில் தங்கும் காஸையும் கணக்கில் சேர்த்து.

மூன்றாவது, டெக்கையே மாற்றுவது. சிந்திய பானத்தின் அமிலத்தால் அலுமினிய எவாப்பரேட்டர் ஊசித்துளைகளாக அரித்திருந்தால் இதுதான் வழி, எபாக்ஸி ஒட்டு நிலைக்காது. 1990களுக்கு முந்திய, ஆர்12 என்ற பழைய காஸில் ஓடும் மெஷினுக்கும் இதையே சொல்வோம். அமெரிக்க டெக் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸாக இருக்கக்கூடும்; நமக்கு வேண்டியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டெக்குக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள நுரைப்பட்டை சரியாக உட்காரவில்லையென்றால் ஈரக்காற்று புகுந்து எவாப்பரேட்டர் பனிக்கட்டியாகிவிடும். ஆர்290 (புரொப்பேன்) டெக் மின்சாரம் குறைவாக எடுக்கலாம், ஆனால் அது எரியும் வாயு. பழைய பெட்டியின் தெர்மோஸ்டாட்டும் விளக்கு ஸ்டார்டரும் பொறி பறக்கவிடுபவை. உங்கள் மாடலுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லாதவரை வேண்டாம். ஆர்134ஏ டெக்கில் ஆர்290 ஊற்றுவது அதைவிட மோசம். கண்ணாடி முன்பக்க நொறுக்குத்தீனி மெஷின்களை நாங்கள் அதிகம் தொட்டதில்லை. இந்தக் கணக்கை அப்படியே அவற்றுக்குப் பொருத்த வேண்டாம்.

சோதனை ஓட்டத்தில் மெஷினை முதலில் காலியாக ஓடவிடுங்கள். துவாஸ் தங்குவிடுதியில் ஏழு மணி ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் எல்லா டின்னையும் வாங்கிக்கொண்டு போனபின் சூடான டின்களை அடுக்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் "இன்னும் குளிரலையே" என்றால் மெஷின் என்ன செய்யும்? காலிப் பெட்டி 4 டிகிரிக்கு வந்து, பனி கடைசி வளைவுவரை எட்டினால் அளவு சரி. பனி கம்ப்ரஸர்வரை வந்தால் அதிகம். சரியென்று பட்டதும் காஸ் ஏற்றிய குழாயை நசுக்கி பிரேஸ் செய்து, காஸ் வகை, கிராம், தேதி மூன்றையும் கதவின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.