மருந்தடிப்பா, இரத்தப் பரிசோதனையா?

1950களில் இலங்கையின் மாத்தளைப் பக்கம் மலேரியாவை அடக்க இருந்த வழி இரண்டு. ஒன்று, வீட்டுச் சுவரில் டிடிடி என்ற பூச்சிமருந்தை அடிப்பது. ஆறு வற்றிப் பாறைக் குழிகளில் நீர் தேங்கினால் பெருகும் நுளம்பு, கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும், சாகும். வேகமான வேலைதான், ஆனால் எங்கள் அப்பாயி சுவரெல்லாம் வெள்ளையாய்க் கிடக்கிறதே என்று மறுநாளே சாணி போட்டு மெழுகிவிட்டாராம்! மற்றது, காய்ச்சல்காரரின் விரலைக் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் தடவி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பது. மெதுவானது, சலிப்பானதும்கூட. 1963இல் நாடு முழுக்க 17 நோயாளிகள்தான் என்றதும் மருந்தடிப்பை நிறுத்தினார்கள், இரத்தம் பார்த்து நோயாளியைத் தேடுவதும் தளர்ந்தது. 1969இல் 5 லட்சத்துக்கு மேல். என்னைக் கேட்டால், நோயாளி குறையக் குறைய இரண்டாவதுதான் முக்கியம். அப்புறம், டிடிடிக்கு நுளம்பும் பழகிவிட்டது, 1970களில் மாலத்தியன் என்ற வேறு பூச்சிமருந்துக்கு மாற வேண்டியதாயிற்று.