வீட்டில் செய்த கார் ஷாம்பு: சோப்பில் குறை இல்லை, ஆனாலும் செய்யாதே

போன வாரம் பானெட்டுக்கு பாலிஷ் போட்டு வண்டியை எடுத்து வந்தேன். பில் 3,500 ரூபாய். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பாலிஷ் போட்டவர் பானெட்டில் தண்ணீர் காய்ந்து விழுந்திருந்த வெள்ளைப் புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன சோப்புங்க போடறீங்க?" என்று கேட்டார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. பார்த்து வைத்தாற்போல அதே வாரத்தில் நண்பன் ஒருவன், "மாப்ள, அந்த ஷாம்பு ஃபார்முலாவ அனுப்புடா" என்று கேட்டிருக்கிறான். அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். வருஷக்கணக்கில் நானே காய்ச்சாமல் கலக்கிய சோப்பில்தான் என் கறுப்பு ஸ்விஃப்டைக் கழுவுகிறேன். அதனால் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் செய்முறை, அதுதானே எல்லாருக்கும் வேண்டும். கோவையில் டவுன்ஹால் பக்கம் எந்தக் கெமிக்கல் கடையில் போய் சோப் ஆயில் செட் கேட்டாலும் ஆசிட் ஸ்லரி, காஸ்டிக் சோடா, கலர், சென்ட் எல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பாத்திரத்துக்கும் தரைக்கும் அது போதும். ஆனால் ஸ்லரி அமிலம், காஸ்டிக் காரம். இரண்டும் சரியாகச் சமன் ஆகாவிட்டால் மிச்சமாக நிற்பது எதுவோ அது வண்டிமேல் போகும். எனக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம். நான் வாங்குவது 70 சதவீத எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட் (ஷாம்புகளில் நுரை வரவைத்து அழுக்கை எடுக்கும் பொருள்), அப்புறம் கடைக்காரர்கள் சி.ஏ.பி.பி. என்று சொல்லும், தேங்காய் எண்ணெயிலிருந்து செய்கிற மஞ்சள் திரவம். ஐந்து லிட்டருக்கு பேஸ்ட் அரைக் கிலோ, சி.ஏ.பி.பி. 200 கிராம், தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ள ஈ.டி.டி.ஏ. 5 கிராம், கெடாமல் இருக்க ஃபீனாக்ஸிஎத்தனால் 40 மில்லி. சோடியம் பென்சோயேட் மலிவுதான், ஆனால் அது புளிப்பான கலவையில்தான் வேலை செய்யும். நமக்கு வேண்டியது பி.எச். 7, அதாவது அமிலமும் இல்லாத, காரமும் இல்லாத நடுநிலை. லிட்மஸ் தாளை நம்பாதீர்கள், பி.எச். தாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எண் ஏறி நின்றால் சிட்ரிக் ஆசிட் ஒரு சிட்டிகை போட்டால் இறங்கிவிடும்.

இதில் பொறுமையைச் சோதிப்பது பேஸ்ட்தான். அவசரப்பட்டு வேகமாகக் கலக்கினால் வாளி முழுக்க நுரை, அடியில் கட்டி. கட்டியைக் கையில் எடுத்து நசுக்கினால் வழுக்கி ஓடுமே தவிர உடையாது. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, ராத்திரி மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட வேண்டும். காலையில் தானாகவே கரைந்து தெளிந்திருக்கும். கடைசியாக உப்பு. சாதாரண சமையல் உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் கண்ணெதிரே கெட்டியாகும். ஐந்து லிட்டருக்கு 75 கிராமுக்குள் எனக்கு முடிந்துவிடும். ஆசைப்பட்டு இன்னும் போட்டால் ஒரு கட்டத்தில் மறுபடி தண்ணீராகிவிடும், அதற்குமேல் உப்பால் அதைத் தூக்கி நிறுத்த முடியாது. "கெட்டியா இருக்குதுங்க, நல்ல ஷாம்பு" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். கெட்டியில் பாதி உப்பின் வேலை. அழுக்கு போவதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

உப்பு என்றதும் நண்பன் பதறுவான் என்று தெரியும். வண்டி துருப்பிடிக்காதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வாளிக்கு, அதாவது 10 லிட்டருக்கு, 30 மில்லி ஷாம்பு ஊற்றுகிறேன். அதில் உப்பு அரைக் கிராம்கூட இல்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரும். எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டால் லிட்டருக்கு 1,400 மில்லிகிராமை ஒட்டிக் காட்டும். சோப்பில் நான் போடும் உப்பைப்போல முப்பது மடங்கு, பைப்பைத் திறந்தாலே வருகிறது!

சோப்பைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். நான் எதிர்பாராத சந்தோஷம் அதன் வழுக்கல். துணியை நனைத்துக் கதவின்மேல் வைத்தால் தன்பாட்டுக்குக் கீழே நழுவும். மண் துகளைத் தேய்த்து இழுக்காமல் அப்படியே மிதக்க வைத்துக் கொண்டுவந்துவிடும். கறுப்பு வண்டியில் வெயிலில் நின்று பார்த்தால் தெரியும் சிலந்திவலைக் கீறல்கள் எனக்கு அதிகம் இல்லை என்றால் காரணம் இதுதான். சென்ட் போடுவதில்லை, கலர் போடுவதில்லை. லிட்டர் கணக்குப் பார்த்தால் கடை ஷாம்புவில் பாதி விலைகூட ஆகாது. பாத்திரம் கழுவும் லிக்விடை ஊற்றிக் கழுவி வண்டியின் வேக்ஸை உரித்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் ஒரு பாட்டில் கையில் கொடுத்துவிடலாமா என்று தோன்றும்.

இவ்வளவும் உண்மை. இனி அந்தப் புள்ளிகள்.

கழுவி முடித்து, கடைசியாக ஹோஸில் அலசி, துணியை எடுக்கத் திரும்புவதற்குள் பானெட்டில் தண்ணீர் காய்ந்திருக்கும். ஒவ்வொரு துளியும் நின்ற இடத்தில் ஒரு வெள்ளை வளையம். கிட்டே போய்ப் பாருங்கள், நடுவில் தெளிவாக இருக்கும், ஓரம் மட்டும் கோடு போட்டதுபோலத் தடித்திருக்கும். துளி காயும்போது அதிலிருப்பதெல்லாம் ஓரத்துக்குத்தான் ஓடும். தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட், தண்ணீர் போனதும் சுண்ணாம்பாக உட்கார்ந்துவிடும். அன்றே துடைத்தால், வினிகரும் நல்ல தண்ணீரும் சரிபாதி கலந்து நனைத்தால், கரைந்து போய்விடும். அதன்பிறகு ஒரு முறை கழுவிவிட வேண்டும். நாலு நாள் வெயில் பட்டால் பெயின்டிலேயே தடம் விழும். அப்புறம் பாலிஷ், அப்புறம் 3,500.

இதற்கு சோப்பு என்ன செய்யும்? ஈ.டி.டி.ஏ. போட்டால் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். பிடிக்கும்தான். ஆனால் எங்கள் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்பின் அளவு, லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தொடுகிறது. ஒரு வாளியில் 6 கிராம் சுண்ணாம்புக்குச் சமம். அதைப் பிடிக்க 20 கிராமுக்கு மேல் ஈ.டி.டி.ஏ. வேண்டும். என் 30 மில்லியில் இருப்பது 0.03 கிராம். சரி, அள்ளிப் போடுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக அலசும் தண்ணீரில் சோப்பே கிடையாதே! புள்ளி போடுவது அந்தத் தண்ணீர். சோப்பை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அது மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் இந்தக் கூத்து நடக்கிறது. இதை பாலிஷ் கடையில் விளக்கிச் சொன்னேன். "இருந்தாலும் நல்ல கம்பெனி ஷாம்பு போடுங்க" என்றார்.

கோவைக்காரர்களுக்கு இதில் இன்னொரு வேதனை உண்டு. வீட்டில் இரண்டு பைப் இருக்கும். ஒன்று உப்புத் தண்ணீர், இன்னொன்று நல்ல தண்ணீர். எங்களுக்கு வரும் நல்ல தண்ணீர் சிறுவாணி. மீட்டரை விட்டால் இரண்டு இலக்கத்திலேயே நின்றுவிடும். அதில் அலசினால் காய்ந்தாலும் தடம் தெரியாது. ஆனால் அது வருவதே சில நாளுக்கு ஒருமுறை. அரை வாளி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன், அம்மா பின்னாலேயே வந்துவிட்டார்: "ஏங்கண்ணு, குடிக்கிற தண்ணியவா காருக்கு ஊத்தற?" பதில் சொல்ல முடியாத கேள்வி. சோப்பு கலக்க மட்டும் அந்தத் தண்ணீரில் ஐந்து லிட்டர் அனுமதி வாங்கி வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் காரைக் கழுவுகிறார். வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் 1,400 உள்ளே போய், மூன்றில் ஒரு பங்கு நல்ல தண்ணீராகப் பிரிந்தால், மிச்சத்தில் 2,000-ஐ ஒட்டி இருக்கும். புள்ளிக்கென்றே தயாரித்த தண்ணீர் அது. பாத்ரூமுக்கு ஊற்றுங்கள் அண்ணா என்று சொல்லிப் பார்த்தேன். அவர் வண்டி வெள்ளை நிறம். அவருக்குத் தெரிவதில்லை, கவலையும் இல்லை.

கடைசியில் உதவியது ஏ.சி. தண்ணீர். வெளியே சொட்டும் குழாயை ஒரு கேனில் விட்டால் கோடை ராத்திரியில் கடைசி அலசலுக்குப் போதுமான அளவு சேர்ந்துவிடும். காற்றிலிருந்து வந்த ஈரம், அதனால் சுண்ணாம்பு கிடையாது. மெல்லிய துணியில் வடிகட்டி, பூவாளியில் ஊற்றி மேலிருந்து கீழாக விட்டால் வேலை முடிந்தது. ஏ.சி. போடாத மாதங்களில் மழைத் தண்ணீர் கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் பானெட், கூரை, கதவு என்று பகுதி பகுதியாகக் கழுவி அந்தந்த இடத்தை உடனே துடைக்க வேண்டும், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன்னால்.

ஆக மாப்ள, சோப்புக்கு மார்க் போடச் சொன்னால் பத்துக்கு ஒன்பது போடுவேன். ஆனாலும் நீ செய்யாதே. கடையில் பி.எச். நியூட்ரல் என்று போட்ட ஏதோ ஒரு ஷாம்பு வாங்கு. பேஸ்ட் கரைக்கிற நேரத்தில் ஒரு கேன் வாங்கி உன் வீட்டு ஏ.சி. குழாய்க்குக் கீழே வை, நல்ல மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு வாங்கு. உன் வண்டியும் கறுப்பு, உன் வீட்டு போர்வெல் என்னுடையதைவிட மோசம். இல்லை, எனக்கு வழுக்கல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை காலி பாட்டிலோடு வா, ஊற்றித் தருகிறேன்.