பிள்ளை பெறாமலே பால் கொடுக்கிறேன்: நாலு மாதம் பாவித்த பம்ப்

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றில் தாய்ப்பால் எடுக்கும் இந்த இரட்டை மின்பம்பை வாங்கினேன். பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கடையில் நின்ற பெண் கேட்டார், இனித்தான் தத்தெடுக்கப் போகிறோம் என்றேன், அவருக்கு விளங்கவே இல்லை.

பால் சுரக்கக் கர்ப்பப்பையே வேண்டியதில்லை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன்கள் மார்பைத் தயாராக்கும், நச்சுக்கொடி வெளியே வந்ததும் அவை மளமளவென்று குறைய, புரோலக்டின் என்ற இன்னொரு ஹோர்மோன் பாலைச் சுரக்க வைக்கும். டொக்டர் எனக்கு இதையே மாத்திரையால் செய்தார்: சில மாதம் கர்ப்பத்தடை மாத்திரை, பிறகு அதை நிறுத்திவிட்டுப் பம்ப். பால் சுரப்பைக் கூட்ட டொம்பெரிடோன் என்ற மருந்தும் தந்தார், அது இருதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது என்பதால் முதலில் ஈசிஜி எடுப்பித்தார். தயவுசெய்து நீங்களாகப் பாமசியில் வாங்கிக் குடிக்காதீர்கள்.

நாளுக்கு எட்டுத் தடவை, 15 நிமிடம், அதில் ஒன்று நடுச்சாமத்தில். மூன்று கிழமை ஒன்றுமே வரவில்லை, நாலாம் கிழமை மார்பில் வைக்கும் புனலின் ஓரத்தில் ஒரு துளி நின்றது, அப்படியே குசினிக்குக் கொண்டுபோய்க் காட்ட, மாமி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

இழுவை நல்லது, சத்தம் குறைவு, கரண்ட் போனாலும் பற்றரியில் ஓடும். ஆனால் பெட்டியில் 24 மி.மீ. புனல் மட்டும்தான், எனக்குச் சரியானது 21 என்று தெரியாமல் இரண்டு கிழமை வலியைத் தாங்கிக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டாம் மாதம் றப்பர் வால்வு தளர்ந்து இழுவை குறைய, பால் வற்றிவிட்டதென்று ஒரு இரவு முழுக்க அழுதேன். வால்வு தனியாக விற்பதில்லையாம் அந்தக் கடையில், இதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

எடுத்த பால் 25 பாகைக்குள் என்றால் நாலு மணித்தியாலம் வெளியே நிற்கலாம் என்பார்கள், கொழும்பு வெக்கைக்கு அது சரிவராது, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள், நாலு நாள் தாங்கும்.

மகள் ஒன்றரை மாதப் பிள்ளையாக வந்தாள். என் பால் நாளுக்கு 200 மில்லிலீற்றர் அளவு, அவளுக்கு அது காணாது. மீதிக்குப் பால்மாவைக் கரைத்து, மெல்லிய குழாயொன்றை மார்போடு ஒட்டிக் கொடுக்கிறோம், அவளும் என்னிடமே உறிஞ்சுகிறாள், அந்த உறிஞ்சலுக்குச் சுரப்பும் கூடுகிறது. பம்ப் இப்போது நாளுக்கு மூன்று தடவைதான்.

வாங்கலாம், பயப்படாமல் வாங்குங்கள். முலைக்காம்பை அளந்துகொண்டு போங்கள், மேலதிக வால்வு கிடைக்குமா என்று காசு கொடுக்க முதல் கேளுங்கள்.