எம்.சி. ரோடு புடவைக் கடை வெப்சைட்டுக்கு எந்த ஹோஸ்டிங்? ஓட்டிப் பார்த்த அனுபவம்

எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடை, பெரம்பூரில் ஒரு டியூஷன் சென்டர், காசிமேட்டில் போட் இன்ஜின் ஸ்பேர்ஸ் கடை என்று வடசென்னையில் சில சின்ன வெப்சைட்களைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். வெப்சைட்டை வைத்து ஓட்ட சர்வரில் இடம் வாடகைக்குத் தருவதுதான் ஹோஸ்டிங். அதற்கு முதலில் இருந்தது திரும்பிய பக்கமெல்லாம் விளம்பரம் செய்யும் பெரிய கம்பெனி. இப்போது இருப்பது மும்பையில் சர்வர் வைத்திருக்கும் நடுத்தரமான ஒன்று. பெயர் வேண்டாம், எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் 129 ரூபாய் என்று பெரிதாகப் போட்டிருக்கும். மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை, அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எங்களுக்கு ரினியூவல் மாதம் 449 ஆனது. மூன்று வருடத்துக்கு வரியோடு 19,000 ரூபாய்க்கு மேல். முதல் விலையை விட்டுவிட்டு ரினியூவல் விலையைத் தேடிப் படியுங்கள்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது ‘அன்லிமிடெட்’ சமாச்சாரம். இடத்துக்கு அளவில்லை என்பார்கள், ஆனால் ஃபைல் எண்ணிக்கைக்கு உண்டு. அதற்கு ஐநோட் என்று பெயர். வெப்சைட் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் ஒரு புடவைப் படம் ஏற்றினால் அது சின்னது, நடுத்தரம், பெரியது என்று பல அளவில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரு படம் ஆறேழு ஃபைல் ஆகிவிடும். கடைக்காரர் முந்தானை, பார்டர், பிளவுஸ் துணி என்று ஒரு புடவைக்கே நான்கு படம் அனுப்புவார். இன்பாக்ஸில் கிடக்கும் மெயில்களும் இதே கணக்கில்தான் வரும். இடம் பாதிகூட நிரம்பாமலே ஐநோட் முட்டி நின்றது.

அதைவிடப் பெரிய தலைவலி தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்தது. சைட்டைத் திறந்தால் ‘508 ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்ட்’ என்று நின்றது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரைப் பலர் பங்கு போடுகிறார்கள். அதனால் ஒரு கணக்கு ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளை ஓட்டலாம் என்று வரம்பு இருக்கும். எங்களுக்கு 20. சாட்டில் கேட்டால், “மேல் பிளானுக்கு மாறுங்கள்” என்ற ஒரே பதில். கடை ஓனருக்கு இதை விளக்கியபோது அவர் கேட்டார்: “ஏன் தம்பி, கடையில கூட்டம் சேர்ந்தா நாம ஷட்டரையா இறக்குறோம்?”

99.9 சதவீத நேரம் சர்வர் ஓடும் என்ற அப்டைம் கேரண்டி அங்கேயும் இருந்தது. 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் படுத்திருந்தாலும் அந்தக் கேரண்டி மீறப்படாது. இந்த 508 அந்தக் கணக்கிலேயே வரவில்லை. சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம், எங்கள் சைட் மட்டும்தான் ஓடவில்லை!

இப்போதைய இடத்தில் லைட்ஸ்பீட் என்ற சர்வர் மென்பொருள். கேஷில் (முன்பே தயாராக எடுத்து வைத்த நகல்) இருக்கும் பக்கத்தை, பக்கம் தயாரிக்கும் பி.ஹெச்.பி. புரோகிராமை எழுப்பாமலே கொடுத்துவிடுவதால், கூட்டம் வந்தாலும் அந்த வரம்பைத் தொடுவது அரிது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் கடையில் கரண்ட் இல்லாதபோதும் மும்பையில் இருந்த சைட் பாட்டுக்கு ஓடியது.

பேக்கப்பைத்தான் நான் ரொம்பப் பார்ப்பேன். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.ஹெச். என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த சிலருக்கு இரண்டும் சேர்ந்தே போயின. ஆகவே பேக்கப் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். திரும்பப் போட்டுத் தரக் காசு உண்டா என்றும் கேளுங்கள். பழைய இடத்தில் எடுப்பது இலவசம், திரும்பப் போடத்தான் கட்டணம். இங்கே சி-பேனல் என்ற கன்ட்ரோல் பக்கத்தில் தேதியைத் தேர்ந்தெடுத்து டேட்டாபேஸை மட்டும்கூட நாமே மீட்கலாம். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கி, வேண்டுமென்றே ஒரு பக்கத்தை அழித்து, மீட்டுப் பார்த்த பிறகுதான் வருடக் கட்டணம் கட்டினேன். அப்படியும் ஒரு நகல் என் ஹார்ட் டிஸ்க்கில் தனியாக இருக்கும். யாரையும் முழுசாக நம்புகிற ஆள் இல்லை நான்.

டொமைனை, அதாவது சைட்டின் பெயரை, ஹோஸ்டிங்காரரிடம் வாங்கவில்லை, பெயர் பதிவு செய்து தரும் தனி ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது. முதல் வருடம் டொமைன் இலவசம் என்ற ஆசைக்கு மயங்கினால் பின்னால் கிளம்புவது இழுபறிதான். எங்களுக்கு இடம் மாறுவது சுலபமாக முடிந்தது: முந்தின நாளே டி.டி.எல்.லை (சைட்டின் முகவரியை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடியாகக் குறைத்து வைத்தேன், புது சர்வரில் எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்துவிட்டு ராத்திரி சைட் பெயரை சர்வரோடு இணைக்கும் டி.என்.எஸ்.ஸை அங்கே திருப்பினேன். காலையில் கடை திறக்கும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இவர்களிடமும் குறை இல்லாமலில்லை. போன் நம்பர் கிடையாது, டிக்கெட் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பதில் வரத் தாமதமாகும். இடம் 20 ஜிபிதான். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மெயில் என்று கட்டுப்பாடு இருப்பதால், டியூஷன் சென்டரின் மெயில்களை வேறு சேவைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. சைட்டுக்கு https பாதுகாப்பு தரும் எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குக் காசு வாங்குவதில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும்போது அதற்குத் தனியாகக் காசு கேட்பவர்களை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த ரினியூவலுக்கும் இங்கேயேதான் கட்டப் போகிறேன், ஆனால் ஒரு வருடத்துக்கு மட்டும்.